இல்லை என்றாரா, வேண்டாம் என்றாரா?

கேள்வி: வணக்கம் மேடம். ஒரு தனியார் மருத்துவமனையில் 4 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நைட் டியூட்டியில், சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ராத்திரி 8 மணி இன்சுலின் போடப் போனேன். "இன்னும் சாப்பிடவே இல்லைம்மா, ஊசி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நோட்ஸில் 'பேஷண்ட் டினைட் இன்சுலின்' என்று எழுதி வைத்தேன். காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இவர் இன்சுலின் போடுகிறவர்தானே? இல்லை என்றா சொன்னார்?" என்று கேட்டார். இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாலும் திட்டினார். 'ரிஃப்யூஸ்ட்' என்று எழுதியிருக்க வேண்டுமாம். ஆனால் அதே கேஸ் ஷீட்டில், டாக்டர் கையெழுத்திலேயே 'பேஷண்ட் டினைஸ் செஸ்ட் பெயின்' என்று இருக்கிறது. அகராதியில் பார்த்தால் 'டினை', 'ரிஃப்யூஸ்' இரண்டுக்குமே 'மறு' என்றுதான் போட்டிருக்கிறார்கள். டாக்டர் எழுதினால் சரி, நான் எழுதினால் தப்பா? வெளிநாடு போக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே எதை எழுத வேண்டும் என்று புரியும்படி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டாக்டர் எழுதியது சரி, நீங்கள் எழுதியது தப்பு. இரண்டுக்கும் ஒரே விதிதான். எல்லார் முன்னாலும் உங்களைத் திட்டியிருக்க வேண்டியதில்லை. தனியே கூப்பிட்டு 2 நிமிடம் சொல்லியிருந்தால் போதும். நர்ஸ்களுக்கு 18 வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பேட்சிலும் இந்த இடத்தில் தடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள்தான் அதிகம் தடுக்குகிறார்கள், ஏனென்றால் அவர்கள்தான் அகராதியைப் பார்க்கிறார்கள்.

அந்த அகராதியைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். நோயாளி வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்று மட்டும் பாருங்கள்.

ஆங்கிலத்தில் 'நோ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல வேலை செய்கிறார்கள். நமக்கு இல்லை, வேண்டாம், மாட்டேன், முடியாது, கூடாது என்று தனித்தனியாக இருக்கின்றன. 3 வயதுக் குழந்தைகூட இவற்றைக் குழப்பிக்கொள்ளாது. "பால் குடிச்சியா?" என்று கேட்டால் "இல்லை" என்கிறது. "பால் குடிக்கிறியா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்கிறது. முதலில் சொன்னது ஒரு தகவல். அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம், டம்ளரைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது சொன்னது அதன் விருப்பம். அதில் உண்மை பொய் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த 'இல்லை'தான் டினை. அந்த 'வேண்டாம்', 'மாட்டேன்' இரண்டும் ரிஃப்யூஸ்.

இப்போது உங்கள் வார்டுக்கே போவோம். டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று, "நெஞ்சு வலி ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருப்பார். அவர் "இல்லைங்க" என்றிருப்பார். ஆகவே 'டினைஸ் செஸ்ட் பெயின்'. "குடிப்பழக்கம் உண்டா?" "இல்லைங்க." 'டினைஸ் ஆல்கஹால்.' "ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" "அப்படி எதுவும் இல்லை." 'டினைஸ் அலர்ஜீஸ்.' நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதும்போது டாக்டர்கள் வழக்கமாக எழுதும் வாசகம் இது. கேட்டேன், இல்லை என்றார் என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை.

அந்த வரிகளையே வருடக்கணக்காகப் படித்துப் பழகிய கண் 'டினைட் இன்சுலின்' என்பதை எப்படிப் படிக்கும்? "இன்சுலின் போடுகிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார்" என்றுதான் படிக்கும். டாக்டர் கேட்ட கேள்வி அங்கிருந்து வந்ததுதான். அவர் இந்த நோயாளியை ஏற்கெனவே தெரிந்தவர் என்பதால் உடனே சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டார். புதிதாக டியூட்டிக்கு வந்த ஒருவர் அதை நம்பியிருந்தால், இவர் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர் என்று நினைத்து அடுத்த மருந்தை எழுதியிருக்கக்கூடும். இன்சார்ஜ் சிஸ்டரின் கோபத்துக்குப் பின்னால் இந்தப் பயம் இருந்திருக்கும். அது நியாயமான பயம்.

சரி, அகராதி ஏன் இரண்டுக்கும் 'மறு' என்று போட்டது? அகராதி பொய் சொல்லவில்லை. தமிழில் 'மறு' இரண்டையும் சுமக்கிற சொல்தான். ஆனால் எதைச் சுமக்கிறது என்பதை அதற்கு முன்னால் வரும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பாருங்கள்:

பணம் கொடுக்க மறுத்தார்.
பணம் கொடுத்ததை மறுத்தார்.

முதல் வாக்கியத்தில் பணம் கைமாறவில்லை, அவர் மாட்டேன் என்றார். இரண்டாவதில், பணம் கொடுத்தார் என்று யாரோ சொல்கிறார்கள், அவர் இல்லை என்கிறார். கொடுக்க, வர, குடிக்க, கையெழுத்துப் போட என்று வந்து அதன் பின் 'மறுத்தார்' வந்தால் அது ரிஃப்யூஸ். கொடுத்ததை, வந்ததை, குடித்ததை, கையெழுத்துப் போட்டதை என்று வந்தால் அது டினை. ஆங்கிலமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் பிரிகிறது. 'ரிஃப்யூஸ்ட் டு பே' என்று 'டு' போட்டுச் சொல்ல வேண்டும். 'டினைட் பேயிங்' என்று 'இங்' போட்டோ, 'டினைட் தட் ஹி பெய்ட்' என்று 'தட்' போட்டோ சொல்ல வேண்டும். 'டினைட் டு பே' என்று ஆங்கிலத்தில் கிடையவே கிடையாது. 'ஹி டினைட் டு கம்' என்று நம் ஊரில் நிறையப் பேர் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: டினை பக்கத்தில் 'டு பே', 'டு கம்' மாதிரி 'டு'வோடு ஒரு வினை வந்து நின்றால் அந்த வாக்கியம் தப்பு.

இதை நான் கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வக்கீல் ஆபீஸில் தமிழ் ஆவணங்களை ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தேன். கைமாற்றுக் கடன் வழக்கு ஒன்று. கட்சிக்காரர் எழுதிக்கொடுத்ததில், 'பஞ்சாயத்தில் வைத்துக் கேட்டபோது கடனைத் திருப்பித்தர மறுத்துவிட்டார்' என்று இருந்தது. நான் 'டினைட் தி லோன்' என்று மொழிபெயர்த்திருந்தேன். சீனியர் என்னை உட்கார வைத்து அந்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னார். "இதைப் படிக்கிற ஜட்ஜ் என்ன நினைப்பார்? கடனே வாங்கவில்லை என்று அவன் சொன்னதாகத்தானே? நம் ஆள் சொல்வது என்ன? வாங்கினேன், ஆனால் இப்போது தரமாட்டேன் என்று 10 பேர் முன்னால் சொன்னான் என்கிறார். வாங்கினதை ஒத்துக்கொண்டதுதானே நம் வழக்கின் முதுகெலும்பு?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. திருப்பித்தர மாட்டேன் என்று ஒருவன் சொன்னால், வாங்கியிருக்கிறான் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. நான் அந்த ஒப்புதலை அழித்து, எதிராளிக்கு ஒரு வாதத்தை எழுதிக்கொடுத்திருந்தேன்.

நீதிமன்றத்தில் 'டினை' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதையும் அன்றைக்கு அவர்தான் சொன்னார். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், கட்டளை 8, விதி 5 என்று ஒன்று இருக்கிறது. வழக்குப் போட்டவர் சொல்கிற ஒவ்வொரு விஷயத்தையும் எதிர்த்தரப்பு குறிப்பாக, தெளிவாக மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். அந்த 'மறுப்பு' முழுக்க முழுக்க 'இல்லை' என்கிற மறுப்பு. அங்கே 'மாட்டேன்' என்று சொல்லி ஒரு பயனும் இல்லை.

ஒரே மனிதர் ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாமல் இருந்த ஒரு சம்பவம் உண்டு. வகுப்பில் நான் இதைத்தான் சொல்வேன். 1917 ஏப்ரலில் காந்தி பீகாரில் சம்பாரண் போகிறார், அவுரி விவசாயிகளின் குறைகளை நேரில் கேட்டு எழுதுவதற்காக. மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி உத்தரவு வருகிறது. அவர் போகமாட்டேன் என்கிறார். ஏப்ரல் 18ஆம் தேதி மோத்திஹாரி நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். உத்தரவை மீறினாயா என்பதுதான் கேள்வி. ஆமாம், மீறினேன், என் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு மீறினேன் என்று எழுதிவைத்த அறிக்கையைப் படிக்கிறார். வழக்கை எப்படி நடத்துவது என்று தெரியாமல் அரசுத் தரப்பு திகைக்கிறது. சில நாளில் வழக்கையே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

இப்போது ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். காந்தி ரிஃப்யூஸ்ட் டு லீவ். ஹி டிட் நாட் டினை இட். வெளியேற மறுத்தார், அப்படி மறுத்ததை மறுக்கவில்லை. தமிழில் ஒரே சொல் இரண்டு தரம் வருகிறது, ஆனாலும் நமக்குக் குழப்பம் வரவில்லை பார்த்தீர்களா? ஒரு இடத்தில் 'வெளியேற', இன்னொரு இடத்தில் 'மறுத்ததை'.

மறு என்பதற்குப் பதிலாகத் தமிழில் டினைக்கென்றே ஒரு சொல் இருந்தது, அதை நாம் பழக்கத்தில் விட்டுவிட்டோம். மறுதலி. கிறிஸ்தவர்களுக்கு அது இன்னும் பழக்கம். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று கேட்கும்போது பேதுரு 3 முறை தெரியாது என்கிறார். தமிழ் பைபிளில் அதற்கு 'மறுதலித்தான்' என்றுதான் வரும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் டினை. உங்களுக்கு எப்போதாவது சந்தேகம் வந்தால் 'மறுதலித்தார்' என்று போட்டுப் பாருங்கள். 'நெஞ்சு வலியை மறுதலித்தார்' என்பது பழங்காலத் தமிழ் மாதிரி இருந்தாலும் பொருள் நிற்கிறது. 'ஊசியை மறுதலித்தார்' என்றால் ஊசி என்ற ஒன்று இல்லவே இல்லை என்று அவர் சாதித்த மாதிரி ஆகிவிடுகிறது.

வினைக்குப் பதில் வெறும் பெயர்ச்சொல் வரும் இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் 'கொடுக்க', 'கொடுத்ததை' என்ற அடையாளம் அங்கே கிடைக்காது. குற்றச்சாட்டை மறுத்தார், பதவியை மறுத்தார், இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. அங்கே நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பொருளை யாராவது அவரிடம் நீட்டினார்களா, அல்லது அவரைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? நீட்டியதைத் தள்ளினால் ரிஃப்யூஸ், சொன்னதைத் தள்ளினால் டினை. 1964இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு ழான் பால் சார்த்தருக்கு அறிவிக்கப்பட்டது, அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அது ரிஃப்யூஸ். டினை என்று எழுதினால், இங்கேயும் வாக்கியம் தடம் மாறிவிடும். உங்கள் இன்சுலினும் நீட்டிய பொருள்தான். சிரிஞ்சோடு கட்டில் பக்கத்தில் நின்றீர்களே.

இனி, உங்கள் தொழிலுக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டினை இன்னொரு வேலையும் செய்யும். ஒருவருக்குச் சேர வேண்டியதை, அவர் கேட்டும் தராமல் இருப்பதற்கும் டினைதான். 'பேஷண்ட் வாஸ் டினைட் இன்சுலின்' என்று ஒரு 'வாஸ்' சேர்ந்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். நோயாளிக்கு இன்சுலின் தேவைப்பட்டது, மருத்துவமனை தரவில்லை என்று ஆகிவிடும். அவசரத்தில் எழுதும்போது அந்த 'வாஸ்' தானாக விழக்கூடிய ஒன்று. அதைப் பின்னால் ஒருவர் எடுத்துப் படித்தால், உங்கள் கையெழுத்தில் உங்கள் மேலேயே குற்றச்சாட்டு.

நம் உச்ச நீதிமன்றத்தின் 2 தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். 1992இல் மேற்கு வங்காளத்தில் ரயிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரைப் பல அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். அவசர நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தராமல் இருப்பது, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. அங்கே நடந்தது டினையல். மருத்துவமனை 'தரமாட்டோம்' என்றது. 2018 மார்ச் 9ஆம் தேதி, 5 நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறொரு தீர்ப்பு சொன்னது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவர் தனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர் உரிமை என்று. அது ரிஃப்யூசல். நோயாளி 'வேண்டாம்' என்கிறார். நம் பத்திரிகைகளில் இரண்டுக்கும் 'சிகிச்சை மறுப்பு' என்றே தலைப்புப் போட முடியும். ஒன்றில் நோயாளியின் உரிமை பறிபோகிறது, மற்றதில் அதே நோயாளி தன் உரிமையைப் பயன்படுத்துகிறார். உங்கள் நோயாளி அன்று ராத்திரி செய்தது இரண்டாவது. நீங்கள் எழுதும் சொல் அதைக் காட்ட வேண்டும்.

அனுமதி, விசா, லீவ் மாதிரி விஷயங்களில் இரண்டு சொல்லும் புழங்குகின்றன. 'பெர்மிஷன் டினைட்', 'பெர்மிஷன் ரிஃப்யூஸ்ட்' இரண்டுமே சரி. அங்கே ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ரிஜெக்ட் என்பது வந்த ஒன்றைப் பார்த்து, தகுதி இல்லை என்று தள்ளுவது. விண்ணப்பம், பிளட் சாம்பிள் இதற்கெல்லாம் அதுதான் பொருத்தம். அப்புறம் உச்சரிப்பில் ஒன்று: வினையாகச் சொல்லும்போது அழுத்தம் பின்னால் வரும், ரிஃப்யூஸ். முன்னால் அழுத்தி ரெஃப்யூஸ் என்று சொன்னால் அது குப்பை. எழுத்துக் கூட்டு ஒன்றுதான். ஓ.இ.டி.யில் பேச்சுத் தேர்வும் இருப்பதால் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எழுதிய 'டினைஸ் செஸ்ட் பெயின்' இலக்கணப்படி சரி. ஆனால் அந்தச் சொல்லே வேண்டாம் என்று இப்போது மருத்துவர்களே சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். 2022இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. டினை என்றால் 'உண்மையில் இருக்கிறது, இவர் மறைக்கிறார்' என்ற வாடை வருகிறது, நோயாளியை நம்பவில்லை என்பது போலத் தொனிக்கிறது என்பது அவர்கள் வாதம். குடிப்பீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று உண்மையைச் சொன்ன ஒருவர், தன் கேஸ் ஷீட்டில் 'டினைஸ்' என்று படித்தால் மனம் நோகத்தான் செய்யும். எனக்கும் இதில் உடன்பாடுதான். என் மாணவிகளிடம் 'ரிப்போர்ட்ஸ் நோ செஸ்ட் பெயின்' என்று எழுதச் சொல்கிறேன். கேட்டீர்கள், இல்லை என்றார், எழுதினீர்கள். அதில் சந்தேகத்தின் நிழல் இல்லை.

அதே மாதிரி ரிஃப்யூஸும் கொஞ்சம் முரட்டுச் சொல். அடம்பிடித்தார் என்கிற சாயல் அதில் உண்டு. 'ஊசி வேண்டாம்மா' என்று தன்மையாகச் சொன்ன ஒரு பெரியவருக்கு 'டிக்ளைன்ட்' என்பது இன்னும் பொருத்தம். ஓ.இ.டி. எழுத்துத் தேர்வில் கேஸ் நோட்ஸைக் கொடுத்து இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள். அந்த மாதிரிக் கடிதத்தில் 'டிக்ளைன்ட்' மிக இயல்பாக உட்காரும். உங்கள் மருத்துவமனை சார்ட்டில் 'ரிஃப்யூஸ்ட்' என்று எழுதுவதே வழக்கம் என்றால் அதையே எழுதுங்கள், தவறில்லை.

எந்தச் சொல்லை எழுதினாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் குறிப்பில் எனக்கு இன்னும் பெரிய குறையாகப் பட்டது, அவர் சொன்ன காரணம் அதில் இல்லாததுதான். அவர் சாப்பிடவில்லை என்றார். சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் இன்சுலினைச் சாப்பிடாதவருக்குப் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம், இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் வேண்டாம் என்றதில் நியாயம் இருந்தது. டாக்டருக்குத் தெரிய வேண்டிய செய்தியும் அதுதான். ஏன் சாப்பிடவில்லை, சாப்பாடு வரவில்லையா, குமட்டலா என்று அடுத்த கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும். அன்றைய குறிப்பை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

'8 பி.எம். பேஷண்ட் டிக்ளைன்ட் இன்சுலின். ஸ்டேட்டட், ஐ ஹேவ் நாட் ஈட்டன் யெட். டியூட்டி டாக்டர் இன்ஃபார்ம்ட்.'

அதற்குக் கீழே அப்போது பார்த்த சர்க்கரை அளவு, டாக்டரிடம் சொன்ன நேரம், அவர் என்ன சொன்னார் என்பது, உங்கள் கையெழுத்து. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே போட்டுவிட்டால், வினைச்சொல்லில் சின்னத் தவறு நேர்ந்தாலும் படிக்கிறவருக்கு நடந்தது புரிந்துவிடும்.

போன வாரக் குறிப்பு இன்னும் அந்த ஷீட்டில் அப்படியேதான் இருக்கும். ஒயிட்னர் போடாதீர்கள், மேலே கிறுக்கி அழிக்காதீர்கள். பழைய எழுத்து படிக்கக்கூடியதாக இருக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை எழுதி, திருத்திய தேதி, நேரம், கையெழுத்து போடுவதுதான் பொதுவான முறை. உங்கள் மருத்துவமனையில் இதற்குத் தனி வழக்கம் இருந்தால் அதன்படி செய்ய வேண்டும். ஆகவே நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் இன்சார்ஜ் சிஸ்டரிடமே போய், "அந்த என்ட்ரியைத் திருத்த வேண்டும் சிஸ்டர், எப்படிச் செய்யட்டும்?" என்று கேளுங்கள்.